தண்ணீர் மேற்கே போகும்

பங்குனி 3, திங்கள்

காலையில் மலைமேல் மூட்டம். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. மதுரையிலிருந்து பொட்டலக் காகிதம், இரண்டு கட்டு. பிரித்து அடுக்குகிற வேலை என்னுடையது. மளிகைக் கடையை மகன் சுந்தரத்திடம் ஒப்படைத்த பிறகும் இதை மட்டும் நான் கொடுக்கவில்லை. அச்சில் என்ன இருக்கிறதென்று பார்க்காமலே சீரகம் மடிக்கிறவன் அவன்.

முதல் கட்டில் ஒன்றும் தேறவில்லை. ஏல விளம்பரம், பரீட்சைத் தாள், தைல விளம்பரம். இரண்டாவதில் ஒரு மாதப் பத்திரிகை. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. நடுவில் ஒரு கதை. சூரியன் நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே வருகிறது. பட்டணத்து ஜனங்கள் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் உடைத்து எரிக்கிறார்கள். கடைசியில் பாட்டுப் பெட்டியையும். அருமை. தனியே எடுத்து வைத்தேன். சுந்தரம் முறைத்தான். முறைக்கட்டும்.

பிற்பகல் பெரிய செய்தி. கம்பத்தை விட்டுச் சுருளிப்பட்டி போகிற ரோட்டில், அறுத்துப்போட்ட வயலில், சினிமாக் கொட்டகை போடுகிறார்கள். படம், உலகம் அழிகிற படம்! தமுக்கடித்தவனை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். கடல் பொங்கி, மலை பிளந்து, சீமைப் பட்டணம் ஒன்று அடியோடு முழுகுகிறதாம். இத்தனை வருஷம் காகிதத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கலாம். சந்தோஷத்தில் இரண்டாவது தம்ளர் காப்பி.

படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை எடுத்துச் சொல்ல வேண்டும். கொட்டகை முதலாளியோடு வந்த ஆள் சின்னமனூரில் காய்ச்சலில் விழுந்துவிட்டானாம். முதலாளி வெல்லம் வாங்க நம் கடைக்கே வந்திருக்கிறார். நான் அந்நேரம் கொல்லையில். "இந்த ஊர்ல கணீர்னு பேசக்கூடியவக யாரு?" என்று சுந்தரத்திடம் கேட்டிருக்கிறார்.

என் மகன், நான் பெற்ற மகன், "மருந்துக்கடை பாக்கியநாதன்" என்று சொல்லியிருக்கிறான்.

பங்குனி 4, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. வயிறு மந்தம். ஓமத் தண்ணீர்.

சுந்தரத்தைக் கேட்டுவிட்டேன். "ஏலே, ஒங்கப்பன் பேரு ஞாபகத்துக்கு வரலையா?"

"படத்துக்கு நடுவுல இங்கிலீசு எழுத்து வருமாம்ப்பா. அதப் படிச்சுச் சொல்லணும். ஒங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியாதே."

"எழுத்து எதுக்குடா? ஒலகம் அழியுறது எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கடைக்கு வாரவுக எல்லாருக்கும் தெரியும். உப்பு வாங்க வந்தவள நிப்பாட்டி வச்சு நெருப்பு மழை சொல்றீக. அவ உப்பே வாங்காமப் போயிடுறா."

பதிலா? சொல்லத் தகுந்தவனிடம் சொல்லலாம்.

பாக்கியநாதன் யார் என்று எழுதி வைக்கிறேன். தெற்கத்தி ஆள். வேதக்காரன். பள்ளிவாசல் தெரு முனையில் மருந்துக்கடை. மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. எனக்கு மகன் வயது என்று சொல்ல முடியாது, தம்பி வயது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆலயத்தில் வேதம் வாசிக்கிறவன். குரல் நல்ல குரல், மறுப்பதற்கில்லை. ஆனால் உலகம் அழிகிற கதை எத்தனை படித்திருப்பான்? அவர்கள் வேதத்தின் கடைசியில் ஒன்று இருக்கிறதாம். ஒன்று!

நான் படித்தவை, ஞாபகத்திலிருந்து:

நெருப்பு மழை. பல விதம். பரவாயில்லை ரகம். சீக்கிரம் முடிந்துவிடும்.

பன்னிரண்டு சூரியன் உதிப்பது. பழைய சரக்கு. ஆனாலும் தப்பு சொல்ல முடியாது.

விஷக் காற்று. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே போய்விடுவார்கள். தராசைப் பிடித்தபடி ஒரு வியாபாரி போகிறான். எனக்குப் பிடித்தது.

வால் நட்சத்திரம் மோதுவது. நான்கைந்து கதை.

எறும்பு பெருத்து மனிதனைத் தின்பது. அதை எழுதியவன் எறும்பைப் பார்த்ததில்லை.

வெள்ளம். எல்லாவற்றுக்கும் மேல். வெள்ளத்தில்தான் முன்னடையாளம் பார்க்கலாம். முதலில் பறவை போகும். பிறகு கிணறு நிரம்பும். பிறகு நாய். மனிதனுக்குத் தெரிவது கடைசியில். உலகம் பதறாமல் அழிய வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை.

நான் பள்ளிக்கூடம் பக்கம் போனவனில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டியவன். ராமேசுவரம் போகிற யோகம் அண்ணனுக்கு. கடையைக் காவல் காக்கிற யோகம் எனக்கு. ஊரில் வாசகசாலை வைத்தார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும். இந்தக் கதைகளைப் படிக்கும்போது மட்டும் மனசு நிறைகிறது. நான் ஒரு விரலை அசைக்காமல் எல்லாக் கணக்கும் நேராகிவிடுகிறது. படித்து முடித்தால் நன்றாகப் பசிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் சம்சாரம் சீனியம்மாளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். வால் நட்சத்திரம் வந்த வருஷம் ஆரம்பித்த பழக்கம். அந்த வருஷம் ஊரே உலகம் முடிந்துவிடும் என்று பயந்தது. இருப்பதெல்லாம் இன்றைக்குத்தான் என்று அன்று பருப்பில் நெய்யை அளவில்லாமல் ஊற்றினாள். அதற்குப் பிறகு அப்படி ஊற்றியதில்லை.

இன்று குளிர்ந்த சூரியன் கதை வாசித்தேன். பாதியில் பார்த்தால் தூங்கிவிட்டாள். முறம் சரிந்து அரிசி தரையில்.

பங்குனி 5, புதன்

வெக்கை. காற்றே இல்லை. மிளகாய் வற்றல் மூட்டை இரண்டு வந்தது. எடை சரி.

முதல் ஆட்டம். நான் போகவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

சீனியம்மாளும் அடுத்த வீட்டுக் கருப்பாயி மதினியும் போனார்கள். திரும்பி வந்தவள் முகமே வேறு. கண் வீங்கியிருந்தது. சோறு போட மறந்து அடுப்படியில் நின்றாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அணை ஒடஞ்சிருச்சுன்னு சொன்னாக பாருங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"எந்த அணை?"

"நம்ம பெரியாத்து அணைதான்."

"படம் வெள்ளக்காரன் ஊர்ல எடுத்தது. அங்கன ஏது பெரியாறு? அது கடலு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவுக சொன்னாக."

சோறு போட்டாள். ரசம் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவுக. இந்த வீட்டில் அவுக என்றால் இதுவரை ஒரே ஆள்தான்.

பங்குனி 6, வியாழன்

கடைவீதி முழுக்க அதே பேச்சு. காதில் விழுந்தவை:

"கூடலூர்க்காரன் வீட்டு எருமை மெதக்குதுன்னு சொன்னாரு பாரு, நெசமாவே ஒண்ணு மெதந்துச்சுப்பா."

"அது எருமையா? சோபாவாம்ல. சீமை நாற்காலி."

"என்னமோ. மெதந்துச்சு."

"எங்காத்தா ராத்திரி கோழியெல்லாம் பரண்ல ஏத்திட்டா."

மருந்துக்கடையில் கூட்டம். ஒருவருக்கும் வியாதி கிடையாது. பேச்சுக் கேட்கத்தான்.

மதியம் பாக்கியநாதனே நம் கடைக்கு வந்தான். வேட்டி சலவை. தொண்டை கட்டியிருக்கிறது என்று பனங்கற்கண்டு கேட்டான். சுந்தரம் எழுந்து நின்று நிறுத்துக் கொடுக்கிறான். எனக்கு எழுந்ததுண்டா?

"அண்ணாச்சியக் கொட்டகப் பக்கம் காணலையே."

"சோலி இருக்கு."

"நீங்க வந்தா எனக்கு ஒரு பலம். இதுல நீங்க கரை கண்டவுகன்னு ஊரே சொல்லுது. வெள்ளம் வரமுந்தி என்னென்ன அடையாளம் தெரியும், ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன், சேத்துக்கிறேன்."

பறவை, கிணறு, நாய். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. "படிச்சுத் தெரிஞ்சுக்கங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனான். கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

பங்குனி 7, வெள்ளி

விடியலில் நாலு தூறல். மண் வாசனை மட்டும். எண்ணெய் டின்னில் ஓட்டை, ஈயம் வைக்கக் கொடுத்தேன்.

சீனியம்மாள் மறுபடி போனாள். பார்த்த படத்தையேவா என்றேன்.

"நேத்து அவுக வேற மாதிரி சொன்னாகளாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரியாம்."

அச்சிட்ட கதையை நான் ஒரு எழுத்து மாற்றி வாசித்தது கிடையாது. இத்தனை வருஷமும். அது குற்றமாகிவிட்டது போலிருக்கிறது.

மதியம் வாசிப்பு இல்லை. வற்றல் காயப் போடணும் என்றாள். வற்றல் நேற்றே காய்ந்துவிட்டது.

பங்குனி 8, சனி

இன்று போனேன். முடிவு செய்துதான் போனேன். இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு, என்னென்ன தப்பு என்று ஊரறியச் சொல்வதற்காகவே. நாற்காலி டிக்கெட். முன்வரிசை. பெண்கள் பக்கம் நடுவே தட்டி. தட்டிக்கு அந்தப்புறம் தரையில் சீனியம்மாள் இருப்பது தெரியும்.

எழுதித்தான் ஆக வேண்டும். படம் நன்றாக இருந்தது. நான் கற்பனை செய்ததைவிட. மலை பிளக்கிற இடத்தில் என்னையறியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வரும்போது முதலில் தெருமுனையில் ஒரு கோடு போலத்தான் தெரிகிறது. வெள்ளைக் கோடு. பிறகுதான் அது எவ்வளவு உயரம் என்று புரிகிறது. எந்தக் காகிதத்திலும் இப்படிப் படித்ததில்லை.

அவன் சொன்ன விதம். அதையும் எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். கடல் வருகிற இடமெல்லாம் பெரியாறு என்றான். இங்கே கடலைப் பார்த்தவன் எத்தனை பேர்? நானே பார்த்ததில்லை. கடல் என்றால் ஜனங்களுக்கு ஒரு பேர்தான். பெரியாற்று அணை என்றால் தங்கள் வயலுக்குத் தண்ணீர் விடுகிற இடம். பட்டணத்தைக் கம்பம் என்றான். பெரிய மணிக்கூண்டைக் காட்டி, "இந்தா தெரியுதுல்ல, நம்ம கோயில் கோபுரம்" என்றான். ஒரு பயலும் மறுக்கவில்லை. கூரைமேல் ஒரு பெண் குழந்தையோடு நிற்கிறாள். "ஏ ஆத்தா, புள்ளையக் கீழ விட்றாத தாயி" என்று கெஞ்சினான். அவளே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. தட்டிக்கு அந்தப்பக்கம் பெண்கள் விசும்பல். அப்புறம் தண்ணீர் அவள் காலைத் தொடுகிறது. அந்த இடத்தில் அவன் வாயையே திறக்கவில்லை. ஆர்மோனியக்காரனுக்கும் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். படம் ஓட்டுகிற இஞ்சின் சத்தம் மட்டும். நானாக இருந்தால் அங்கே பேசியிருப்பேன். பேசிக் கெடுத்திருப்பேன்.

அதுதான் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"நிப்பாட்டுங்கய்யா! எல்லாம் தப்பு!"

படம் ஓடுகிறது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"அணை ஒடஞ்சா தண்ணி மேக்க போகும்! மலையாளத்துக்கு! அணையே மலைக்கு அங்கிட்டு இருக்கு. நமக்கு வாரது மலையக் கொடஞ்ச சொரங்கத்து வழியா வார தண்ணி மட்டுந்தான். அணை போச்சுன்னா அதுவும் நிக்கும். நாம முங்க மாட்டோம்!"

"அப்ப நாம எப்பிடிச் சாவோம்?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"வயலு காயும். கெணறு வத்தும். ஆறேழு வருசத்துல பையப் பையச் சாவோம்!"

 அப்புறம் ஒரே கூச்சல்.

"யோவ் பெருசு, ஒக்காருய்யா!"

"நாங்க முங்கிச் சாகத்தான் துட்டுக் குடுத்து வந்திருக்கோம். நீங்க வேணாப் பொழச்சு வீட்டுக்குப் போங்க!"

"ஆறேழு வருசம் படம் காட்டுனா டிக்கெட்டுக்கு நான் எங்க போக?"

பாக்கியநாதன் கையை உயர்த்தினான். கூட்டம் அடங்கியது. அவன் கையை உயர்த்தினால் அடங்குகிறது.

"அண்ணாச்சி சொல்றது நெசம். தண்ணி மேக்கதான் போகணும்." என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "ஆனா டிக்கெட் வாங்கினது கெழக்க இருக்கவுகளாச்சே. அதான் இன்னைக்கு ஒரு நாளைக்கு இங்கிட்டுத் திருப்பி விட்ருக்கு."

கொட்டகை அதிரச் சிரிப்பு. கைதட்டல். விசும்பிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன். வழியில் யாரோ காலை வேறு மிதித்தார்கள்.

நான் சொன்னது சரி. அவனே ஒப்புக்கொண்டான். அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டான். பிறகு ஏன் எனக்கு இப்படி இருக்கிறது?

பங்குனி 9, ஞாயிறு

வெயில். இடது கால் சுண்டுவிரல் வீக்கம். மஞ்சள் பற்று.

தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம், "மொதலாளி, தண்ணி எங்கிட்டுப் போகுது?" கொல்லன்கூடக் கேட்டுவிட்டான். மேற்கே என்று அழுத்திச் சொன்னேன். ஒவ்வொருவனிடமும் சொன்னேன். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

சீனியம்மாள் காலையிலிருந்து பேசவில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். நானே ஆரம்பித்தேன்.

"மானம் போச்சுங்கிறியா?"

"மானத்துக்கு என்ன. அது அப்பப்பப் போயிட்டுத்தான் இருக்கு."

"பெறகென்ன? நான் சொன்னது தப்பா?"

"சரியாத்தான் இருக்கும். நீங்க எப்பத் தப்பாச் சொன்னீக." கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். "நான் அழுதுக்கிட்டு இருந்தேன். நீங்க நிப்பாட்டிட்டீக."

"அழுகுறதுக்கா போன?"

"பின்ன? வீட்ல அழுதா ஏன் அழுகுற, எதுக்கு அழுகுறன்னு வக்கீலு மாதிரி கேப்பீக. அங்கன யாரும் கேக்கல. ஊரே முங்குது, ஒருத்தி அழுதா யாரு கேப்பா."

உள்ளே போய்விட்டாள்.

நான் வாசித்து அவள் ஒரு நாளும் அழுதது கிடையாது. நெருப்பு மழைக்கு இல்லை. விஷக் காற்றுக்கு இல்லை. இத்தனை வருஷமும் திடமான மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

பங்குனி 10, திங்கள்

கொட்டகை பிரிக்கிறார்கள். அடுத்து போடி. நாலு மாட்டு வண்டி, இஞ்சினுக்குத் தனி வண்டி. தொலைந்தது என்று சந்தோஷமாகக் காப்பி குடித்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது.

சந்தோஷம் பதினொரு மணிவரை. கருப்பாயி மதினி வந்து வேலிப்பக்கம் நின்று சத்தமாக:

"ஏ சீனி! சேதி தெரியுமா? மருந்துக்கடைக்காரக சம்சாரம் சொல்லிவிட்டிருக்காக. படந்தான் போச்சு, கதை போகலையாம். நாளையிலருந்து அவுக வீட்டுப் பின்னாடி பந்தல்ல ஒக்காந்து பொம்பளைகளுக்கு அவரே சொல்றாராம். தெனமும். வேற வேற கதையாம்."

"எந்நேரம் மதினி?"

"மத்தியானம் சாப்ட்டு முடிச்சு. அந்த நேரந்தான எல்லாருக்கும் தோது."

மதியம். சாப்பிட்டு முடித்து. என் நேரம்.

சீனியம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. "வாரேன் மதினி" என்றாள்.

கடைக்குப் போய்க் காகிதக் கட்டை மறுபடி பிரித்துப் பார்த்தேன். வெள்ளக் கதை ஒன்றும் அகப்படவில்லை. பரீட்சைத் தாள்தான். சுந்தரம், "என்னப்பா தேடுறீக?" என்றான். பொட்டலத்துக்குக் காகிதம் என்றேன். பக்கத்தில் அடுக்கி வைத்தது இருந்தது. அதிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

ஒரு மனுஷனுக்கு ஊர் இருக்கிறது. கடைவீதி இருக்கிறது. ஆலயம் நிறைய ஆள். நான் வாசிப்பதைக் கேட்க இருந்தது ஒரு ஆள், கையில் முறத்தோடு. அதையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

பங்குனி 11, செவ்வாய்

வெக்கை. மேற்கே மேகம் கூடிக் கலைந்தது. கத்தரிக்காய்க் குழம்பு, உப்புக் கம்மி. சொல்லவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் சீனியம்மாள் சேலை மாற்றிக்கொண்டாள். சுங்கடிச் சேலை. முடிந்து வைத்த வெற்றிலை இடுப்பில். நான் குளிர்ந்த சூரியன் கதையை எடுத்து, யாரும் கேட்காமலே, உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். கதவை உடைக்கிறார்கள். கட்டிலை உடைக்கிறார்கள்.

"குளிரு எனக்கு வெளங்க மாட்டேங்குது" என்றாள், கொண்டையைச் சரிசெய்தபடி. "நமக்கு என்னைக்குக் குளுந்துச்சு."

காகிதத்தைக் கீழே வைத்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் நான் கதை சொன்னதே இல்லை. கை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"மொதல்ல பறவ போச்சு" என்றேன்.

"எங்கிட்டு?"

"கெழக்க. மதுரப் பக்கம். ஒரு காக்காகூட மிச்சமில்ல. ரெண்டாம் நாள் கெணத்துத் தண்ணி தானா ஏறுது. எட்டிக் கையால மொள்ளலாம். எல்லாருக்கும் சந்தோசம். மழையே இல்லாம கெணறு ரொம்பிருச்சேன்னு."

வாசல்படியில் நின்றாள். செருப்பில்லை அவளுக்கு, இருந்திருந்தால் மாட்டியிருப்பாள்.

"மூணாம் நாள் மலை பொளந்துச்சு."

"எந்த மலை?"

"குமுளி மலை."

உள்ளே ஒரு எட்டு வந்தாள். "தண்ணி மேக்கதான போகும்?"

"மலை முழுசா நின்னா மேக்கதான் போகும். அதுல மாத்தமில்ல. இப்ப மலையே பொளந்துருச்சே. சொரங்கம் இருந்த எடத்துல வாய் தொறந்துருச்சு. அப்ப கெழக்க வாரதுக்குத் தடை என்ன?"

இதில் நான் முன்னால் சொன்னதற்கு மாறாக ஒரு வார்த்தை இல்லை. யார் வந்து கேட்டாலும் விளக்கத் தயார்.

"கூடலூர்ல எங்க சின்னாத்தா இருக்கே."

"கூரைமேல ஏத்தியாச்சு."

"ஏற முடியாதுங்க, அதுக்கு முட்டி நோவு."

"ரெண்டு பேரு தூக்கி விட்டாக."

உட்கார்ந்தாள். முறத்தை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்து. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"கம்பத்துக்குள்ள மொதல்ல எங்கன நுழையுது?"

"பள்ளிவாசல் தெரு முனையில."

"அங்கன மருந்துக்கடையில்ல இருக்கு."

"ஆமா. மொதல்ல அதுதான்."

"அவுக என்ன பாவம் பண்ணாக?"

"தண்ணி பாவம் பாத்தா வருது? வழி அது."

என்னையே பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. "சீசாவெல்லாம் மெதக்குமே" என்றாள். "செவப்பும் பச்சையுமா. தெரு பூரா."

எனக்குத் தோன்றவில்லை அது. நல்ல இடம். சேர்த்துக்கொண்டேன்.

"அவுகள மட்டும் எப்பிடியாச்சும் கரையேத்தி விட்ருங்களேன். புள்ளகுட்டிக்காரக."

"புள்ளகுட்டிய ஏத்தியாச்சு. அவுக சம்சாரத்தையும் ஏத்தியாச்சு. அவனுக்கு எடமில்ல."

"கொஞ்சம் ஒதுங்கி உக்காந்தா எடம் இருக்கும்."

"இல்ல."

வற்புறுத்தவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தபிறகும் வந்தது. அவனுக்காகவா, சின்னாத்தாளுக்காகவா, வேறு எதற்காகவோ. கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தண்ணீர் மட்டும் ஏறியது.

அப்போது வேலிப்பக்கம் கருப்பாயி மதினி. "ஏ சீனி! நேரமாச்சு, வரலையா? அங்க ஆரம்பிச்சிருப்பாக!"

"நீ முன்னால போ மதினி. இங்கன தண்ணி வந்துக்கிட்டு இருக்கு. முடிஞ்சதும் வாரேன்."

முடிஞ்சதும்.

தண்ணீரைப் பள்ளிவாசல் தெருவிலிருந்து கடைவீதிக்குக் கொண்டு வந்தேன். கடைவீதியில் ஒரு கடை விடவில்லை. அங்கிருந்து கோயில் தெரு. அவசரப்படவில்லை. கம்பத்தில் தெரு நிறைய இருக்கிறது.